பின்னால் நின்று பாடிய சொர்ணம் டீச்சர்

போன திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்து வாசலில் பஸ் நின்றதும் கண்டக்டர் படியில் நின்றபடியே சொன்னார்: "சார், நம்ம சொர்ணம் டீச்சர் போயிட்டாக. விடியக்காலம் நெஞ்சு வலின்னாகளாம். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள..." விசில் ஊதினார், பஸ் திருச்சுழிப் பக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. இதை எழுதுகையிலும் நடுநடுவே எழுந்து முற்றத்தில் நடந்துவிட்டுத்தான் வருகிறேன்.

பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஆரம்பப் பள்ளிக்கு அவர் மாற்றலாகி வந்தது ஆறேழு வருஷத்துக்கு முன்னால், அறுபதுகளின் கடைசியில். மழை பொய்த்த வருஷம். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படிப்பை விட்டு நின்றுகொண்டிருந்த நேரத்தில், கடைசி மணிக்குப் பிறகு பாட்டு சொல்லித் தரப்போவதாக அவர் சொன்னார். தலைமையாசிரியர் சிரித்தார்.

"பாட்டுப் படிச்சா கணக்கு ஏறுமா டீச்சர்?"

"அது தெரியாது சார். ஆனா பக்கத்துப் பிள்ளை பாடுறதைக் கேட்டாத்தான் கூடச் சேந்து பாட முடியும். கேக்கப் பழகுதுல்ல, அது போதும்."

கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கூலிவேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அதற்கு வந்த முணுமுணுப்புக்கு டீச்சர் காதே கொடுக்கவில்லை. நாங்களெல்லாம் நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்துகிறவர்கள். அவரால் அது முடியாது. பாடிக்கொண்டே பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி நடப்பார். பார்க்கிற நமக்குக் கால் வலிக்கும்.

அந்த நடைதான் முத்துப்பேச்சியைக் காப்பாற்றியது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை அவள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், கேட்டதற்கு வேறெதையோ சொல்வாள். மந்தம் என்று பள்ளிக்கூடமே முடிவுகட்டியிருந்தது. திமிர் என்று வீட்டில் அடி விழுந்தது. அவளைப் படிப்பிலிருந்து நிறுத்தி ஆடு மேய்க்க அனுப்பப்போவதாக அப்பா கருப்பையா சொல்லியிருந்தார்.

ஒருநாள் பாட்டு வகுப்பு நடக்கையிலேயே டீச்சர் என்னிடம் வேகமாக வந்தார். "சார், இங்க வந்து பாருங்க. நான் முன்னால நின்னு பாடுனா இந்தப் பிள்ளை கூடவே பாடுது. பின்னால போனா நின்னுருது." மறுபடி பாடிக் காட்டினார். அப்படியேதான் நடந்தது. முன்னால் நின்று சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு பாடினார். அப்போதும் முத்துப்பேச்சி வாய் திறக்கவில்லை. டீச்சரின் முகத்தையே தவிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். "வாயைப் பாத்துல்ல பாடிக்கிட்டு இருந்திருக்கா!" என்றார் டீச்சர்.

உடனே கருப்பையா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எம்புள்ளையச் செவிடுங்கிறீகளா டீச்சர்? வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று கத்தினார் கருப்பையா.

"கட்டுறது கிடக்கட்டும்ணே. கூப்பிட்டு வரலைன்னு எத்தனை தடவை அடிச்சிருப்பீக? அதுக்குக் காது கேட்டிருந்தா வராமயா இருந்திருக்கும்?"

மகள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு அவரே வந்து நின்றார்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் இடம் இருந்தும் டீச்சர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். காதில் நாள்பட்ட சீழ், வலது காதைக் காப்பாற்றலாம், இடது காது போனது போனதுதான் என்றார் மருத்துவர். "இன்னும் கொஞ்சம் முன்னால பாட்டு ஆரம்பிச்சிருக்கணும் சார்" என்று திரும்பி வந்து இறங்கும்போது டீச்சர் சொன்னார். பிறகும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் குறை அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

மருந்துக்குப் பிறகு முத்துப்பேச்சியை முன்வரிசையில், வலது காது நம் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்தோம். அந்த வருஷமே எழுத்துக்கூட்டி வாசித்தாள். இன்றைக்குத் திருச்சுழி உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். நன்றாகப் பாடுவாள் என்று சொல்ல மாட்டேன். யார் பேசினாலும் முகத்தை நிமிர்த்திக் கேட்பாள். வருஷா வருஷம் புதிதாகச் சேரும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பின்னாலிருந்து பாடிப் பார்ப்பது அதற்குப் பிறகு டீச்சருக்கு வழக்கமாகிவிட்டது.

நேற்று கருப்பையா பள்ளிக்கு வந்தார். வெளியூரில் பருத்தி எடுக்கப் போயிருந்தவருக்குச் செய்தி தெரியாது. கடைசி மகளைக் கையில் பிடித்திருந்தார்.

"டீச்சர் எங்க சார்? இவளையும் பாட்டுல சேத்துக்கிடச் சொல்லணும்."

சொன்னேன். தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு துண்டை விலக்கிக் கேட்டார்: "அவுக இல்ல, சரி. பாட்டு இருக்கும்ல சார்?"

எனக்கு ஒரு வரி பாட வராது. ஆனாலும், "பிள்ளையை விட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன்.

நரிக்குடியில் ஓர் அம்மா பாட்டு சொல்லித் தருவாராம். நாளைக் காலை அங்கே பஸ் ஏறுகிறேன். அவர் சம்மதிப்பாரா, தெரியவில்லை. கேட்டுவிட்டு வருகிறேன் டீச்சர். உங்களுக்கு என் வணக்கம்.