லேபைப் பாத்தீகளா?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதம். என் மகளுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கம்பத்தில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்குத் திராட்சைத் தோட்டம். நான் பத்தாவதோடு நின்றவள், அவர் எட்டாவது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான்.

அவளுக்கு மைக்ரோபயாலஜி படிக்க ஆசை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு நாள், எங்கள் தோட்டத்து இலையில் படிந்திருந்த வெள்ளைப் பூஞ்சையை மைக்ராஸ்கோப்பில் காட்டியிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த ஆசை அது.

அந்த வாரம் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து ஆள் வந்தார். வழவழப்பான புத்தகம் ஒன்றைக் கொடுத்து, "வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. கூட்டிட்டுப் போய், சாப்பாடும் போட்டு, திரும்பக் கொண்டாந்து விடுறது எங்க பொறுப்பு" என்றார். தோட்டத்தில் மருந்தடிக்கிற நாள் என்பதால் வீட்டுக்காரர் வரவில்லை. நானும் மகளும் கிளம்பினோம். தேனி வரை அங்கங்கே நிறுத்தி, எட்டுக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டது அந்த வேன்.

மகள் மடியில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். நான்தான், "பெரியவுக பேசுறப்ப நீ குறுக்க பேசக்கூடாது, என்ன?" என்று சொல்லி, நோட்டைப் பைக்குள் வைக்கச் சொன்னேன்.

மூன்று மணி நேரப் பயணம். இறங்கியதும் கண்ணாடிக் கட்டடம், புல்வெளி, நீச்சல்குளம். ஏசி அறையில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்கள். டை கட்டிய அலுவலர் ஒருவர் என்னை "மேடம்" என்று கூப்பிட்டார். நாற்பத்தொரு வயது வரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஒரிஜினல்ஸ் குடுத்துட்டீங்கன்னா சீட்டை உறுதி பண்ணிடலாம் மேடம். சாப்பிட்டு வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் எல்லாம் இருந்த ஃபைலை அப்படியே எடுத்து நீட்டினேன். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மெஸ்ஸில் சாப்பிடும்போது, "எவ்வளவு மரியாதையாப் பேசுறாக பாத்தியா?" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாம்பார் ஊற்ற வந்த அம்மா வாளியோடு நின்றுவிட்டார். என் வயதுதான் இருக்கும்.

"ஏத்தா, கம்பம் பக்கமா நீங்க?"

"ஆமாக்கா. எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"பேச்சுதான் காட்டிக் குடுக்குதே. நமக்குத் தேவாரம் ஊரு. பிள்ளை என்ன படிக்கப் போகுது?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. சாம்பார் ஊற்றுவதுபோலக் குனிந்து, "லேபைப் பாத்தீகளா?" என்றார்.

"இல்லக்கா."

"பாருங்க மொதல்ல. படிக்கிற பிள்ளைக இங்கன உக்காந்துதான் புலம்பும். பாடம் நடத்த வர்றவுக ரெண்டு மாசம் நிக்கிறதில்ல. பேப்பரெல்லாம் குடுத்துட்டீகளா?"

"குடுத்தாச்சு."

"போன வருசம் ஒரு பிள்ளைக்கு வேற காலேஜ்ல இடம் கெடச்சது. பேப்பரைத் திருப்பி வாங்க அவுக அப்பா மாசக்கணக்கா நடந்தாக. இன்னிக்கே வாங்கிட்டுப் போயிருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக, ஆத்தா. எம்பொழப்பு இதுதான்."

அடுத்த பந்திக்கு நகர்ந்துவிட்டார். மகளைப் பார்த்தேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, பையிலிருந்து நோட்டை எடுத்தாள். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை.

பரீட்சை எழுத வந்திருந்த மாணவிகள் ஓரத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நேராக அவர்களிடம் போனாள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப், யார் பாடம் எடுக்கிறார்கள், போன வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி, "மூணாவது மாடியிலதான் லேப், நீயே போய்ப் பாத்துக்கோ" என்றாள். போனோம். கதவில் பூட்டு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தூசி படிந்த பிளாஸ்டிக் உறைக்குள் ஏதோ இரண்டு கருவிகள். அவ்வளவுதான்.

கீழே வந்து ஃபைலைக் கேட்டோம். டை கட்டியவர் குரலே வேறாக இருந்தது. "இப்ப எடுத்தா இந்த சீட் மறுபடி கிடைக்காது. சான்றிதழ் வச்சிருக்கிற பீரோ சாவியும் இங்க இல்ல. அடுத்த வாரம் வாங்க" என்றார்.

மகள்தான் பேசினாள்.

"பரவாயில்ல சார். சாவி வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கோம்."

அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சின்னப் பொண்ணு, தெரியாமப் பேசுது. நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

காலையில் அவளை வாயை மூடச் சொன்னவள் நான். அந்த நிமிடம் எனக்கு வெட்கமாக இருந்தது. "எம்பிள்ள சொல்றதுதான் சார் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அவர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மற்றப் பெற்றோர் எங்களைப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சாவி அவர் மேசை டிராயரிலிருந்தே வந்தது. மகள் ஒவ்வொரு தாளாகப் பார்த்து, எல்லாம் இருப்பதை உறுதி செய்த பிறகுதான் எழுந்தாள்.

திரும்பும்போது, ஆண்டிபட்டி தாண்டியதும் வேனில் முன் சீட்டிலிருந்த ஒரு அப்பா மெதுவாகத் திரும்பி, "பாப்பா, அங்கன என்னதான் கேட்ட?" என்றார். அவள் நோட்டைப் பிரித்து வாசித்தாள். தேனி வருவதற்குள் நோட்டு மூன்று கை மாறியிருந்தது. பழனிசெட்டிபட்டியில் இறங்கிய ஒரு பெண் அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு மூன்று கல்லூரிகள் பார்த்தோம். எல்லா இடத்திலும் அவள் கேட்டாள், நான் பக்கத்தில் நின்றேன். மூன்றாவதாகப் பார்த்தது பழைய கட்டடம், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஆனால் லேப் திறந்திருந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த பேராசிரியை, நாங்கள் கேட்பதற்கு முன்பே, "வந்து பாரும்மா" என்று அவளை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். கண்ணை எடுக்காமல் அவள் சிரித்தாள். எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள். லீவில் வந்தால் அப்பாவோடு தோட்டத்துக்குள் புகுந்து, இலைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறாள். எந்த மருந்தை எப்போது அடிக்கலாம் என்று அவளைக் கேட்டுத்தான் வீட்டுக்காரர் அடிக்கிறார்.

அந்த மெஸ் அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. பிழைப்பைப் பணயம் வைத்து முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்காக அவர் பேசினாரே, பெற்ற எனக்கு அதே பிள்ளைக்காகப் பேச அதற்குப் பிறகுதான் தைரியம் வந்தது என்பதை நினைத்தால், இன்றைக்கும் மனம் நிறைந்து, கொஞ்சம் கூசவும் செய்கிறது.