முப்பது அங்குலக் குழல்

எங்கள் வீட்டுக் குளிர்கோட்டுகள் எல்லாவற்றிலும் துவக்கு எண்ணெய் மணத்தது. மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடி வீடு, கோட்டுகளுக்கு ஒரே ஓர் அலுமாரி, அதன் மூலையில் அப்பாவின் துப்பாக்கி இருக்கும், பூட்டுப் போட்ட நீளப் பெட்டி. பள்ளிக்கூட பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை மூக்கைச் சுளித்தால், அது தையல் மெஷின் எண்ணெய் என்று பொய் சொல்வேன். அம்மா வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவர் என்பதால் அந்தப் பொய் நன்றாகவே நின்றது. போன மாதம் அந்த அலுமாரியைத் திறந்தபோதும் முதலில் வந்தது அதே மணம்தான்.

அப்பா மன்னார்க்காரர். கடலேரியில் தாரா வாத்து சுட்டு வளர்ந்தவர். நாட்டில் குழப்பம் தொடங்கியதும் உரிமத்தோடு வைத்திருந்த 'சொட்கன்'னை மரியாதையாகக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தவர். மொன்றியலில் ஒரு பாண் ரொட்டித் தொழிற்சாலையின் அடுப்படியில் வேலை. ரெஜோன் என்று ஒரு கியூபெக்காரர் அவரோடு அதே அடுப்பில் நின்றார். ஒக்டோபரில் வடக்கே காட்டுக்குப் போய் 'பெர்த்ரி' சுடலாம் வா என்று அவர் கூப்பிட்டதிலிருந்து அப்பாவுக்கு நித்திரை இல்லை. அது நம்மூர்க் கௌதாரி மாதிரித்தான், கொஞ்சம் கொழுத்தது என்று எனக்குச் சொன்னார். பிரெஞ்சில் நடந்த வேட்டைப் பரீட்சையில் ஒருமுறை தவறி, இரண்டாம் முறை தேறி, உரிமமும் எடுத்துவிட்டார். அம்மாவைக் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

அம்மா யாழ்ப்பாணம். அவருடைய தம்பியை ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனவர்கள் போர்வை போர்த்தியிருந்தார்கள், போர்வைக்குள் கட்டைத் துவக்கு இருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று அம்மா கேட்டிருக்கிறார், அவ்வளவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமா திரும்பி வரவில்லை. அப்படிப்பட்டவரிடம் போய் 'ஒரு துவக்கு வாங்கட்டோ' என்று கேட்பதற்கு அப்பாவுக்கு வாய் எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அந்தக் கோபத்தோடேயே, வாழ்க்கையில் அவர் தனக்கென்று கேட்ட ஒரே பொருள் அதுதான் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா கேட்டு மூன்று கிழமை போனது. பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா தையல் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தடித்த சுண்ணக்கட்டியோடு எழும்பி வந்தார். ரெஜோன் கொடுத்த கடைப் புத்தகத்தில் அதே துவக்கு மூன்று குழல் நீளத்தில் இருந்தது: இருபத்தாறு அங்குலம், இருபத்தெட்டு, முப்பது. மூன்றுக்கும் அடி முதல் நுனி வரை எவ்வளவு வரும் என்று பார்த்து, வீடு கூட்டுகிற தும்புத்தடியில் மூன்று கோடு போட்டார். அப்பாவின் கோட்டு மாதா கோயிலில் யாரோ ஒரு நெட்டை மனிதர் கொடுத்தது, கணுக்கால் வரை தொங்கும். அதைப் போடச் சொல்லி, தும்புத்தடியைத் தோளோடு சேர்த்து உள்ளே விட்டுப் பொத்தான் பூட்டினார். அப்பா சட்டைக்கு அளவு கொடுக்கும் பிள்ளை போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் சிரித்துவிட்டு அடி வாங்கினேன்.

இருபத்தாறின் கோடு கோட்டுக்குள் முழுதாக மறைந்தது. இருபத்தெட்டு ஒரு விரல்கடை எட்டிப் பார்த்தது. முப்பது தாராளமாக வெளியே நின்றது.

"இதெண்டால் வரட்டும். பறவை சுடுறவன் துவக்கை ஒளிச்சுக்கொண்டு போறேல்லை. ஒளிக்கக்கூடியது ஒண்டும் என்ரை வீட்டுக்கை வரக்கூடாது" என்றார் அம்மா.

கடைக்கு என்னையும் கூட்டிப் போனார் அப்பா. அங்கே ரெஜோன் இருபத்தாறையே எடுத்துக் கையில் கொடுத்தார்: அடர்ந்த காடு, பறவை காலடியில் கிளம்பும், சட்டென்று திருப்ப வேண்டும், நீளக் குழல் கிளையில் மாட்டும், அது திறந்த வெளியில் தாரா சுடுகிறவர்களுக்கு என்றார். கடைக்காரர் நடுவில் புகுந்து எல்லாவற்றுக்கும் பொதுவாக இருபத்தெட்டு என்றார். அப்பா இருபத்தாறைத் தோளில் வைத்து, இல்லாத ஒரு பறவையைக் கூரை விளக்குகளுக்குக் குறுக்கே தொடர்ந்து போனார். அந்த நேரம் அவர் முகம் எங்கள் வீட்டு முகமாக இருக்கவில்லை, சின்னப் பெடியனுடையதாக இருந்தது. பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு முப்பதைக் காட்டினார். ரெஜோன் தலையில் கை வைத்தார்.

அந்த ஒக்டோபர் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் பூசையை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். ஒருமுறை செம்மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு நானும் பின்னால் நடந்தேன். சப்பாத்துக்குள் ஈரம், கால் விறைப்பு, கிறுக்குப் பிடித்த மாதிரி அடர்ந்த ஊசியிலை மரங்கள். முன்னால் படபடவென்று ஒரு பெர்த்ரி எழும்பியது. அப்பா திரும்பினார், குழல் நுனி ஒரு கிளையில் மாட்டியது, பறவை போயே போய்விட்டது. அன்றைக்கு மூன்று பறவை, மூன்றும் அப்படியே. கடையில் கட்டைக் குழலை மட்டும் தனியாக வாங்கி மாற்றிப் பூட்டலாம், கால் மணி வேலை என்று ரெஜோன் சொன்னதற்கு அப்பா சிரித்துச் சமாளித்தார்.

திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, உறைந்த காடை ஒரு பெட்டி வாங்கினார். காரில் என்னைப் பாராமல் சொன்னார்: "கடையிலையே எனக்குத் தெரியும் பிள்ளை, கட்டைதான் சரியெண்டு. ஆனா கொம்மா இப்ப நித்திரை கொள்ளுறா. அதைக் கெடுக்கேலாது."

அம்மா அந்தக் காடைகளைக் கழுவினார். ஒரு இறகு இல்லை, ஒரு ஈயக்குண்டு இல்லை, எல்லாம் ஒரே அளவு. ஒன்றும் கேட்காமல் மிளகு அரைத்துப் பிரட்டி வைத்து, "நல்ல வேட்டைதான்" என்றார். அப்பா குனிந்து சாப்பிட்டார்.

அதன் பிறகு இரண்டு மூன்று வருடம் போனார். பிறகு தொழிற்சாலையில் இரட்டை வேலை வந்தது, முழங்கால் போனது, ரெஜோன் ஓய்வுபெற்றுத் தன் ஊருக்குப் போனார், அந்தக் காட்டின் முன்பாதியில் வீடுகள் எழும்பின. துவக்குப் பெட்டியை வருடத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் போடுவதோடு சரி.

அப்பா இந்த மாரிக் குளிரில் இறந்தார். உரிமம் இல்லாத நாங்கள் துவக்கை வைத்திருக்க முடியாது, பொலிஸ் வந்து எடுத்துப் போகும் என்றார்கள். படிவம், தொலைபேசி, மறுபடியும் படிவம் என்று ஒரு கிழமை போனது. வேலையும் என் வீடுமாக ஓடுகிறவளான எனக்கு அழக்கூட நேரம் கிடைப்பதில்லை. கடைசியில் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தபோது, துவக்குக்குக் கீழே மெழுகுத்தாள் சுற்றிய இன்னொரு குழல் இருந்தது. இருபத்தாறு அங்குலம் என்று தாளின் மேல் அச்சடித்திருந்தது. தாள் பிரிக்கப்படவே இல்லை.

"நான்தான் வாங்கினனான்" என்றார் அம்மா, நான் கேட்குமுன். "நீ பள்ளிக்கூடம் முடிச்சுக் கொலிச்சுக்குப் போன வருசம். ரெஜோனைக் கேட்டு எடுப்பிச்சனான். எனக்கு இனிப் பயமில்லை, பூட்டிக்கொண்டு போங்கோ எண்டு குடுத்தன். பிறகு பூட்டுவம் எண்டு வைச்சவர்."

வந்தவர்களில் இளைய பொலிஸ்காரி மெழுகுத்தாளைத் தடவிப் பார்த்து, இது ஏன் புதிதாகவே இருக்கிறது என்று பிரெஞ்சில் என்னைக் கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அவருக்கு வேலை அலுப்பு எண்டு சொல்லு" என்றார் அம்மா.

சொன்னேன். அவள் தலையசைத்து எழுதிக்கொண்டாள். இரண்டு குழலையும் ஒன்றாகவே கொண்டுபோனார்கள். அலுமாரி மூலை காலியாக இருக்கிறது, அப்பாவின் நீளக் கோட்டில் இன்னும் எண்ணெய் மணக்கிறது, கோட்டைத் தோய்க்கப் போட அம்மா விடுகிறார் இல்லை. நேற்றுத் தொலைபேசியில் பேசியபோது, நித்திரை வருகுதில்லை என்றார்.