சிவப்புத் துணி கட்டிய சோளம்

வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரிப் பண்ணையில் பஞ்சு என்பவன் காவலுக்குச் சேர்ந்தபோது கூலிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இவனா? ஈய விரட்டக்கூட ஈகிட்டயே அனுமதி கேப்பானே!"

பொய்யில்லை. ஆண்டவன் கையைக் கொடுத்தது கும்பிட மட்டும்தான் என்று இருந்தவன் அவன். கையில் கம்பு உண்டு. அதை ஊன்றித்தான் நடந்திருக்கிறான்.

பூச்சிமருந்து அடித்த வயலுக்கு எச்சரிக்கையாக நாலு மூலையிலும் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது பண்ணை வழக்கம். மழை பொய்த்து வெளியே புல் கருகியதும், மாட்டுக்காரர்கள் வேலியையே சுற்றிச்சுற்றி வந்தார்கள். சண்டைக்கு அஞ்சிய பஞ்சு, மருந்து படாத வயல்களுக்கும் துணியைக் கட்டிவிட்டான். கொஞ்ச நாள் பயந்தார்கள். பிறகு ஒரு பசு உள்ளே நுழைந்து, வயிறு முட்டத் தின்றுவிட்டு நலமாக வீடு திரும்பியது. அதோடு பயம் போயிற்று.

சோளத்துக்கு உண்மையாகவே கடும் மருந்து அடித்த மறுநாள் காலை, கம்பியை வெட்டிக்கொண்டு உள்ளே வந்தவன் பஞ்சுவின் மனைவியுடைய அண்ணன். எலும்பு துருத்திய இரண்டு காளைகள்தான் அவனுக்கிருந்த சொத்து. ஒன்றின் கயிறு வேலியில் சிக்கிக்கொண்டது. செவலைக் காளை நேரே பயிரில் வாய் வைத்தது.

"மச்சான், ஓட்டுங்க! நேத்துதான் அடிச்சிருக்கு. நெசமாவே விஷம்!"

"போன மாசமும் இதத்தான சொன்ன?"

கையை விரித்துக் குறுக்கே நின்றான் பஞ்சு. மச்சானின் தடி தோளில் இறங்கியது. அடுத்த அடியில் காது கிழிந்தது.

"கடவுள் சத்தியமா மச்சான்!"

"உன் பொய்க்குக் கடவுளையும் கூட்டு சேக்குறியா?" விலாவில் ஓர் உதை. பஞ்சு சுருண்டு விழுந்தான்.

"விஷமா? இப்பப் பாரு." மச்சான் ஒரு தண்டை ஒடித்துக் கடித்தான்.

எப்படி எழுந்தான் என்று பஞ்சுவுக்கே தெரியாது. கம்பைச் சுழற்றி அந்த வாயிலேயே அடித்தான். பல் தெறித்தது. விழுந்தவன் நெஞ்சில் முட்டியை ஊன்றி, வாய்க்குள் விரல்விட்டுத் தோண்டினான். மச்சான் விரலை ரத்தம் வரக் கடித்தும் அவன் விடவில்லை.

"துப்புங்க! துப்புங்க மச்சான்!"

அப்போது பின்னால் தொப்பென்று சத்தம். செவலை சாய்ந்து கிடந்தது. வாயெல்லாம் நுரை, நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

மச்சானின் கடி தளர்ந்தது. அதற்குள் மற்றக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு பயிரை நோக்கிப் பாய்ந்தது. பசித்த மாடு அதட்டலுக்கா நிற்கும்?

"அடிங்க மச்சான்! பாவம் பாக்காதீங்க, அடிங்க!"

இருவரும் அதன் முகத்திலேயே மாறி மாறி அடித்தார்கள். கொம்பு பஞ்சுவைத் தூக்கி எறிந்தது. எழுந்து வந்து மறுபடியும் அடித்தான். மூக்கில் ரத்தம் ஒழுக அது திரும்பி, வேலியைத் தாண்டி ஓடியது.

மச்சான் செவலையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். இழுப்பு நின்றிருந்தது.

"மொதல்லயே என்னை அடிச்சிருக்கக் கூடாதா மாப்ள?" உடைந்த வாயிலிருந்து வார்த்தை குழறியது. "இவன் பொழச்சிருப்பானே."

பஞ்சுவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.