நாலு மணிக் கடற்காற்று

எட்டயபுரத்தில் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் தூத்துக்குடி பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. கடற்கரையில் இரண்டு நாள் சும்மா இருக்கத்தான் விடியற்காலையிலிருந்து இந்த ஓட்டம். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது.

டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிக் கிழக்குப் பார்த்துப் போடுகிறார். மிளகாய் வற்றல் மூட்டையோடு நின்ற இரண்டு பெண்கள் அதில் உட்கார்கிறார்கள்.

"அண்ணாச்சி, அடுத்த பஸ் எப்போ?"

"வரும். இப்பம் உக்காருங்க, கடக்காத்து வார நேரம்."

"கடல் ரொம்ப தூரமாச்சே?"

"நீங்க போனாத்தான் தூரம். அது தெனம் நாலு மணிக்கு இங்கன வருதுல்லா."

முதலில் கடைவாசலில் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகள் ஆடுகின்றன. பிறகு என் சட்டை முதுகைவிட்டு விலகுகிறது.

அடுத்த பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, செருப்பைக் கழற்றுகிறேன்.