இரண்டு வருடம் பச்சையாக இருந்த டெஸ்ட்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கப் போனால், கேட்டவரின் கண் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடும். இங்கே கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனில் ஓடும் செயலிகளை எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுதுவதில்லை. அவர்கள் நின்று வேலை செய்ய ஒரு மேடையை வேறு சிலர் கட்டிக் கொடுத்திருப்பார்கள். அப்படி ஒரு மேடையைக் கட்டும் நிறுவனத்தில் எனக்கு வேலை. கட்டுவது நான் இல்லை. கட்டியது நிற்கிறதா என்று பார்ப்பதுதான் நான். அதிலும் என் பங்கு ரகசியம் காக்கும் பகுதி. தகவலைக் குறியாக்கிப் பூட்டுவது, எதிர்முனையில் இருப்பவரின் சர்டிபிகேட்டை வாங்கிப் பெயர் சரியா என்று பார்ப்பது, பிறகு பாதுகாப்பான இணைப்பைத் திறப்பது. இதையெல்லாம் தினம் ஒரு ஆள் உட்கார்ந்து சரிபார்க்க முடியாது. அதனால் சிறுசிறு நிரல்களாக டெஸ்டுகளை எழுதி வைப்போம். யார் எந்த வரியை மாற்றினாலும் அவை ஆயிரக்கணக்கில் தானாக ஓடும். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. அவ்வளவுதான் என் உலகம்.

திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே எங்கள் வீடு. இரண்டாவது மாடியில் படுக்கையறை ஜன்னலோரம் கிடக்கும் மேஜைதான் ஆபீஸ். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனைக் கூட்டிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் கண்டெய்னர் யார்டில் டிரெய்லர் ஓட்டுகிறார். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "இன்னா, இன்னிக்கி பச்சையா செகப்பா?" என்பார். பச்சை என்றால் டீ கேட்பார். சிவப்பு என்றால் அவரே போட்டுக்கொள்வார்.

என் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. இணைப்பு கிடைக்க வேண்டும் என்று எழுதும் டெஸ்டுகள் சுலபம். கிடைக்கவே கூடாது என்று எழுதுவதுதான் கஷ்டம். காலாவதியான சர்டிபிகேட், வேறு பெயருக்கு வாங்கிய சர்டிபிகேட், தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சர்டிபிகேட் என்று விதவிதமான திருடர்களை நாங்களே தயாரித்து அனுப்புவோம். மேடை அவர்களை விரட்ட வேண்டும். விரட்டினால்தான் பச்சை.

அந்த டெஸ்டுகள் உண்மையில் விழித்திருக்கின்றனவா என்று பார்க்க நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொரு புதன்கிழமையும், என் லேப்டாப்பில் இருக்கும் பிரதியில், மேடையின் காவல்களில் ஒன்றைக் கழற்றிவிடுவேன். பெயரைப் பார்க்கும் வரியை நீக்குவேன், அல்லது காலாவதித் தேதியைப் பார்க்காதே என்று மாற்றுவேன். பிறகு டெஸ்டுகளை ஓட விடுவேன். காவலே இல்லாதபோது டெஸ்ட் சிவக்க வேண்டும். சிவக்காமல் பச்சையாகவே நின்றால் அது வெறும் பொம்மை. யார் எழுதியது என்று பார்த்து, குழுவில் எல்லோரும் படிக்கும்படி போட்டுவிடுவேன்.

சும்மா போட மாட்டேன். எங்கள் தலைவர் கோயம்புத்தூர்க்காரர், பெயரளவுக்குக்கூடக் குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். அவர் எழுதிய டெஸ்ட் ஒன்று ஒரு தடவை மாட்டியது. "சார், உங்க டெஸ்ட் கண்ணைத் தொறந்துகிட்டே தூங்குது" என்று எழுதினேன். முப்பது பேர் சிரித்தார்கள். அவர், "சரிங்க மேடம், எழுப்பி உடறனுங்க" என்று மட்டும் பதில் போட்டார். எனக்கு வாய் அதிகம். அதை நான் மறுத்ததே இல்லை.

என் டெஸ்டுகளை மட்டும் உடைத்துப் பார்த்ததில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்கிற திமிர்.

நான் சொல்ல வந்த புதன்கிழமைக்கு மறுநாள் மேடையின் புதிய பதிப்பு வெளியாக இருந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பாதுகாப்பு டெஸ்டுகளின் முழுப் பொறுப்பையும் எனக்குத் தருவதாக அறிவிக்க இருந்தார்கள். அதற்கப்புறம் ஒரு பதிப்பை வெளியே விடவோ நிறுத்தவோ என் ஒரு சொல் போதும். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவள். ஒப்பந்த ஆளாக நுழைந்து, பெரிய பெரிய கல்லூரிகளில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குக் கீழே வருஷக்கணக்கில் வேலை பார்த்தவள். அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. "என்னோடதையும் உடைச்சுப் பாத்துட்டேன், எல்லாம் கெட்டியா இருக்கு" என்று வெள்ளிக்கிழமை நாலு பேர் முன்னால் சொல்லிக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். அந்த அழகுக்காகத்தான், வேறெதற்காகவும் இல்லை, பெயரைப் பார்க்கும் வரியை நீக்கிவிட்டு என் டெஸ்டுகளை ஓட்டினேன்.

ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே வந்தன. வயிறு குளிர்ந்தது. கடைசியில் ஒன்று மட்டும் பச்சையாக நின்றது.

அது என்ன டெஸ்ட் என்றால், ஒரு முறை இணைந்த இரண்டு முனைகள் மறுமுறை இணையும்போது பழைய பழக்கத்தில் அறிமுகத்தைச் சுருக்கிக்கொள்ளும். துறைமுக வாசலில் முதல் நாள் பாஸையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் செக்யூரிட்டி, மறுநாளிலிருந்து தலையாட்டி உள்ளே விடுகிற மாதிரி. அந்தச் சந்தில் வேறு ஒருவன் நுழைந்துவிடக் கூடாது. அதனால் என் டெஸ்ட் முதலில் சரியான பெயரோடு இணையும். இரண்டாவது முறை தப்பான பெயரோடு இணையப் பார்க்கும். அப்போது மேடை விரட்ட வேண்டும். இரண்டு வருடமாக விரட்டியிருக்கிறது என்றுதான் அந்தப் பச்சை சொன்னது. ஆனால் பெயரைப் பார்க்கும் வரியையே நான் பிடுங்கிவிட்டேனே, இப்போது எப்படி விரட்டுகிறது?

மறுபடி ஓட்டினேன். பச்சை. லேப்டாப்பைத் திட்டினேன். இன்னொரு தடவை ஓட்டினேன். பச்சை. பிறகு நான் எழுதியதை நானே வரிவரியாகப் படித்தேன். பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. எதிர்முனையாக நடிக்க, டெஸ்டுக்காக நான் எழுதிய சர்வர், முதல் இணைப்பு முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறது. இரண்டாவது முறை போய்த் தட்டும்போது உள்ளே யாருமே இல்லை. இணைப்பு கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் பச்சை என்றுதான் எழுதியிருக்கிறேன். பெயரைப் பார்த்து விரட்டினார்களா, ஆளே இல்லாமல் கதவு திறக்கவில்லையா என்று அந்த டெஸ்ட் கேட்கவே இல்லை.

எனக்கு முகம் சுட்டது. அறையில் யாரும் இல்லாதபோதும் சுட்டது.

சர்வரை முடியும்வரை திறந்திருக்கும்படி திருத்தினேன். பிடுங்கிய வரியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன். இப்போது மேடை முழுசாக இருக்கிறது, டெஸ்டும் விழித்திருக்கிறது. பச்சை வந்தால் என் தப்பு என்னோடு போய்விடும், நாலு வரித் திருத்தம், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஓட்டினேன். சிவப்பு. அதாவது நாளை வெளியாகப் போகிற மேடை, இரண்டாவது முறை வருகிறவனின் பெயரைப் பார்ப்பதே இல்லை. ஏற்கெனவே வெளியே இருக்கும் மேடையும் அப்படித்தான்.

வீட்டுக்காரர் வந்தபோது நான் அடுப்படியில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாம்மே, மொகம் ஒரு மாதிரி கீது?"

சொன்னேன். அவருக்குப் புரிகிற மாதிரி துறைமுக வாசலை வைத்தே சொன்னேன். உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்.

"இத்த வேற எவனாவது பாத்தானா?"

"இல்ல."

"அப்ப கம்முனு இரு. நாளிக்கி அது போவட்டும். வெள்ளிக்கெழம உனுக்கு வர்றது வரட்டும். திங்கக்கெழம, இப்பதான் பாத்தேன்னு சொல்லு. ரெண்டு வருசமா கீற ஓட்டை, இன்னும் நாலு நாளு இருந்தா இன்னா ஆயிடும்?"

நியாயமாகத்தான் பட்டது. அதே கணக்கை நானும் அடுப்படியில் நின்று போட்டிருந்தேன், அதனால் அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கோபம் வந்தது.

"யோவ், நீ போன்ல கேஸ் சிலிண்டர் புக் பண்றியே, ஆஸ்பத்திரில டோக்கன் போடறியே, அதுல எதுனா ஒண்ணு எங்க மேடை மேல ஓடிக்கினு இருக்கலாம்."

"இருக்குதா, இல்ல இருக்கலாமா?"

"எனக்குத் தெரியாது. அதான்யா பேஜாரே."

அவர் எழுந்து கை கழுவப் போனார். "அப்ப சொல்லிடு," என்றார். "ஆனா சோத்தப் போட்டுட்டுச் சொல்லு. நீ போன எடுத்தா சாயங்காலம் ஆயிடும்."

பெரிய நேர்மை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பால் பொங்கும்வரைகூட நிற்கப் பொறுமை கிடையாது. நாலு நாள் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தால் எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும். அவருக்குச் சோறு போட்டுவிட்டுத் தலைவருக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க மேடம்."

"சார், நாளைக்கு வெளிய விட வேணாம். ரெண்டாவது தடவ இணையும்போது பேரைப் பாக்கறதே இல்ல."

"அதுக்கு டெஸ்ட் இருக்குதுங்களே?"

"இருக்குது. நான்தான் எழுதினேன். அது டெஸ்டே இல்ல சார்."

சர்வர் கடை சாத்திய கதையைச் சொன்னேன். அவர் சிரித்திருந்தால், நான் அவருக்குப் போட்ட அந்தத் தூக்கக் கிண்டலை எனக்கே திருப்பிச் சொல்லியிருந்தால், அன்று எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை என்னன்னு தெரியுமில்லைங்களா?"

"தெரியும் சார்."

"சரிங்க. நிறுத்திடறேன்."

வெளியீடு நின்றது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பொறுப்பு பற்றிய பேச்சே வரவில்லை. என்ன நடந்தது என்று என்னையே சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். நான் வழக்கமாகக் கிண்டல் செய்கிறவர்கள்கூட ஒரு வார்த்தை பேசவில்லை, அது கிண்டலைவிடக் கஷ்டமாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் தலைவர் தனியாகப் போன் செய்தார். "மேலிடத்துல ஆறு மாசம் போகட்டும்னு சொல்றாங்க மேடம். நான் பேசிப் பாத்தனுங்க." பரவாயில்லை சார் என்றேன். வைத்துவிட்டுப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நியாயமான முடிவு என்று தெரிந்தும் அழுதேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கி வந்து, அவரே கழுவி, அவரே மசாலா தடவினார். "ஆறு மாசம்தானே," என்றார். "என் லைசென்ஸ் புதுப்பிக்கவே அதுக்கு மேல ஆச்சு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் நன்றாக வந்திருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அது எனக்கே ஆச்சரியம்.

ஓட்டையை வேறு பிரிவினர் அடைத்தார்கள். என் திருத்திய டெஸ்ட் முதல் முறையாக உண்மையாகப் பச்சையானது. பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் போனது. இரண்டு வாரம் தள்ளிப் புதிய பதிப்பு வெளியே போயிற்று. அதற்கடுத்த புதன்கிழமை காலை தலைவரிடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது, எனக்கு மட்டும்.

"இதெல்லாம் நான் எழுதினது. நாப்பத்தொண்ணு இருக்குது. உங்க டெஸ்டப் பாத்ததுல இருந்து எனக்கு நிம்மதியே இல்லைங்க. ஒண்ணு விடாம உடைச்சுப் பாருங்க. வேற யாருகிட்டயும் குடுக்கலை."

கீழே பட்டியல். இரண்டு தடவை படித்தேன். அறிவிப்பும் இல்லை, பதவியும் இல்லை, கைதட்டலும் இல்லை. வெள்ளிக்கிழமை கிடைத்திருக்க வேண்டியதைவிட இது பெரியதாகப் பட்டது. மனசு நிறைந்து போய்க் கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை.

முதல் காவலைக் கழற்றினேன். அவர் டெஸ்ட் சிவந்தது. இரண்டாவதும் சிவந்தது. மூன்றாவது பச்சையாகவே நின்றது. கை தன்னால் குழுவுக்குப் போய் "சார்" என்று தட்டியும் விட்டது. அதை அழித்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"சொல்லுங்க மேடம்," என்றார் அவர். "எத்தனாவது?"

"மூணாவது சார்."

"நெனச்சனுங்க. அவசரத்துல எழுதினது அது. ஒரு நிமிஷம் இருங்க, லேப்டாப்பத் தொறக்கறேன்."

நான் காத்திருந்தேன்.