இரண்டாவது கரிநெருப்பு

சேரப்பணஞ்சேரி ரோட்டோரம் இஸ்திரி வண்டி போட்டிருந்த யாக்கோபுவின் கை அதுபாட்டுக்குத் துணி தேய்க்கும், வாய் அதுபாட்டுக்குச் சுவிசேஷம் பேசும். கேட்க ஆள் வேண்டுமே! கம்பெனியில் கூலி வேலை பார்த்த நாகப்பன் மாட்டினான். மாரியம்மனைக் கும்பிடுகிறவன்தான். ஆனாலும் கதை என்றால் உட்கார்ந்துவிடுவான்.

தொண்ணூற்றொன்று ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பெட்டியில் கரியை விசிறிக்கொண்டே யாக்கோபு, ஏசுவின் சீடன் பேதுருவின் கதையைச் சொன்னார்.

"ஏசுவைப் புடிச்சிகினு போன ராத்திரி, கரிநெருப்புல குளிர் காய்ஞ்சிகினே, அவரைத் தெரியாதுன்னு மூணு வாட்டி சொல்லிட்டாரு. அப்பால ஏசு உயிரோட எழுந்து வந்து, கடலோரத்துல இன்னொரு கரிநெருப்பாண்ட அவரை உக்கார வச்சாரு. என் மேல அன்பு கீதான்னு மூணு வாட்டி கேட்டாரு. மூணுக்கு மூணு. அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி கீது பாரு."

"கேக்காம வுட்டிருந்தா இன்னாண்ணே ஆயிருக்கும்?"

"அதெப்டி வுடுவாரு?" யாக்கோபு சிரித்தார்.

இருட்டும்வரை பேசிவிட்டு, சட்டை ஒன்றைத் தேய்க்கக் கொடுத்துப் போனான் நாகப்பன்.

மறுநாள் காலையில் போலீஸ் ஜீப் வந்தது. ஞாயிறு மாலை கம்பெனியில் செம்புக் கம்பி களவு போயிருந்தது. பின்னால் நாகப்பன், உதடு கிழிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஊரில் குண்டு வெடித்துத் தலைவர் செத்த வருஷம் அது; காக்கிச் சட்டையைக் கண்டாலே ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். யாக்கோபு ஆமாம் என்றால் போதும், அவன் இறங்கி வீட்டுக்குப் போகலாம்.

"நேத்து சாயங்காலம் உங்கூட இருந்தேன்றான். ஆமான்னா நீயும் ஏறு, ஸ்டேஷன்ல எழுதிக் குடு" என்றார் முன்சீட்டில் இருந்த ஏட்டு.

"இல்லீங்க சார்."

"ஆளைத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"சட்டை குடுத்தேன்றானே?"

"எவனெவனோ குடுப்பான் சார். இவனை நான் பாத்ததே இல்ல."

ஜீப் கிளம்பும்போது நாகப்பன் திரும்பிப் பார்த்தான்.

ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். மறுநாளாவது போய் உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். போகவில்லை. பாழாய்ப்போன மனுஷன், கதையின் மறுபாதியை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாகப்பன் வருவான், இதே கரி முன்னால் நின்று கேட்பான், மூன்று தடவையும் ஆமாம் சொல்லி அழுதுவிடலாம். ஞாயிறுதோறும் அந்தச் சட்டையை எடுத்து மறுபடி தேய்த்து வைத்தார்.

உண்மையான திருடன் அகப்பட்ட பிறகு, கார்த்திகையில் நாகப்பன் வந்தான். வலது காலை இழுத்து இழுத்து வந்தான். பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. யாக்கோபு சட்டையை நீட்டினார். வாங்கியவனுக்கு இரண்டு விரல் மடங்கவில்லை.

"நாகப்பா, எதனா கேளுப்பா. திட்டவாச்சும் திட்டு."

அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டவன், வழிப்போக்கனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"தேச்சதுக்கு எவ்ளோ ஆச்சுங்க?"

அவன் கேட்டது அந்த ஒரு கேள்விதான். பதிலுக்கும் காத்திருக்கவில்லை. பலகைமேல் காசை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்கப்புறம் ஏழு வருஷம் யாக்கோபுவின் வண்டி அங்கேயே நின்றது. கை தேய்த்தது. வாய் திறக்கவில்லை.