இரண்டாவது கையெழுத்து

நான்கு வருடமாகத் தேடப்பட்ட பார்சல் பிடிபட்டுவிட்டான் என்ற செய்தி மூன்று வாய் கடந்துதான் அகராதியின் காதுக்கு வந்தது. ஒரு வக்கீலின் டிரைவர் கேன்டீனில் தேநீர் ஊற்றுபவரிடம் சொல்லி, அவர் தட்டச்சுப் பிரிவில் சொல்லி, அங்கிருந்து அது மாடி ஏறியிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டில் தாடி வளர்த்துக்கொண்டு மீன்தொட்டிக் கடை வைத்திருந்தானாம். முகத்தையே மாற்றிக்கொண்டானாம். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்ல, தேடுதல் நோட்டீசில் போட்டிருந்த பழைய தங்கப் பல்லைப் பார்த்துப் போலீசுக்குப் போன் போட்டுவிட்டாராம்.

"முகத்தை மாத்தினவன் பல்லை மாத்தக் கூடாதா?" என்று சிரித்த தட்டச்சுக்காரம்மா, அதே மூச்சில் இன்னொன்றையும் சேர்த்தாள். "பேப்பரெல்லாம் மொழிபெயர்க்கறது உங்க ஓரகத்தியாமே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியுமே," என்றாள் அகராதி. தெரியாது.

சட்டத்துறையின் மொழிபெயர்ப்புப் பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருடம். அகராதி என்பது அங்கே வைத்த பெயர். சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள் என்பது முகத்துக்கு நேரே சொல்லும் காரணம். முதுகுக்குப் பின்னால் சொல்வது, அவள் அகராதி பிடித்தவள் என்பது. இரண்டும் உண்மை என்று அவளுக்கே தெரியும்; முதலாவதுக்காக இரண்டாவதைப் பொறுத்துக்கொண்டாள். ஜன்னலோர மேசை, சீவிச் சீவிக் கட்டைவிரல் அளவுக்குக் குறைந்த பென்சில், அட்டை கிழிந்த மூன்று அகராதிகள். கடலுக்கு அந்தப் பக்கத்து அந்நிய மொழியை அவள் பள்ளியில் படித்தாள். வேற்றுமை உருபு ஒன்று தவறினால் மணிக்கட்டில் ஓர் அடி. அப்படி உள்ளே போன மொழி என்பதால் அவள் எழுதுவதில் பிழை இருக்காது. மூச்சுவிட இடமும் இருக்காது.

சின்னவள் அவள் கொழுந்தனின் மனைவி. அண்ணன் குடும்பம் முதல் மாடி, தம்பி குடும்பம் இரண்டாம் மாடி, நடுவில் பதினெட்டுப் படி. சின்னவளின் அப்பா துறைமுக வேலைக்காக அந்த நாட்டுக்குப் போனவர். அவள் பன்னிரண்டு வயதுவரை அங்கேதான் வளர்ந்தாள். அகராதி அடி வாங்கிக் கற்றதை அவள் பாண்டி விளையாடிக்கொண்டே கற்றிருந்தாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், "சும்மா உக்காந்திருக்கியே, எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க" என்று விண்ணப்பத்தை வாங்கி வந்து நிரப்பிக்கொடுத்தவள் அகராதிதான். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் தன் கையைத் தானே கிள்ளிக்கொள்ளத் தோன்றும்.

பொறாமை என்று அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பிரிவுத் தலைவரின் அறையிலிருந்து சின்னவளின் சிரிப்பு கேட்டால் பென்சில் நிற்கும். சிரிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரம் பார்ப்பாள். வீட்டில் படியேறும் சத்தத்தை வைத்தே சின்னவள் புதுச் செருப்பு வாங்கியிருப்பதைக் கண்டுபிடிப்பாள். ஒருமுறை தலைவர் இருவர் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, "உங்களுது சரியா இருக்கும்மா. அவங்களுது நல்லா இருக்கு," என்றார். சரிக்கும் நல்லாவுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் ஒரு வாரம் யோசித்தாள். அவளிடம் இருந்த மூன்று அகராதிகளும் உதவவில்லை.

செய்தி வந்த மறுநாள் தலைவர் இருவரையும் கூப்பிட்டார்.

"அவனை அங்க பிடிச்சு வச்சிருக்காங்க. ஆனா சும்மா தூக்கிக் கொடுத்துட மாட்டாங்க. நாப்பது நாளைக்குள்ள நம்ம பேப்பர் அவங்க மொழியில அங்க இருக்கணும். ஒரு நாள் தவறினாலும் கதவைத் திறந்து விட்டுடுவாங்க. அவன் செஞ்சதுல நாம குத்தம்னு சொல்றது அவங்க ஊர்லயும் குத்தமா இருக்கணும். இன்னொன்னு, இது இரவல் பாத்திரம் மாதிரி. எதுக்குன்னு சொல்லி வாங்கறோமோ அதுக்குத்தான் புழங்கணும். பேப்பர்ல இல்லாத குத்தத்துக்கு அவனை இங்க கொண்டுவந்து விசாரிக்க முடியாது."

"நாடு கடத்தல்னு இதுக்குப் பேர் வச்சவரு யாரு சார்?" என்றாள் சின்னவள். "கடத்தினவனை நாம கடத்திட்டு வர்ற மாதிரி இருக்கு."

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். அகராதி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சின்னவங்க எழுதட்டும்," என்றார் அவர், சிரிப்பு அடங்கியதும். "நீங்க ஒருவாட்டி ஒத்துப் பார்த்து ரெண்டாவது கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. உங்க கண்ணுக்குத் தப்பாது."

ரெண்டாவது என்ற சொல் மட்டும் அவளோடு மேசைவரை வந்தது.

பார்சல் என்பது பட்டப்பெயர்; லாரிகள் வைத்திருந்தவன். துணி மூட்டைகளுக்கு நடுவே வெளிநாட்டு சிகரெட் கொண்டுவந்து இறக்குவது அவன் தொழில். அதைப் பார்த்துவிட்ட கிடங்குக் காவலாளி ஒருவர் சாட்சி சொல்கிறேன் என்றார். அவரை வாசலிலிருந்தே தூக்கிப்போய்ப் பதினோரு நாள் ஓர் அறையில் அடைத்துவைத்தார்கள். திரும்பி வந்தபோது அவருடைய வலது கை விரல்கள் மடங்கவில்லை.

அந்தக் காவலாளி வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்க ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். சின்னவள் வெளியே போயிருந்ததால் அகராதியின் எதிரே உட்கார்ந்தார். தேநீரை இடது கையால் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

"அவன் வந்துடுவானாம்மா?"

"வருவான். வராம எங்க போவான்?"

"சிகரெட்டுக்கு என்ன வேணா பண்ணட்டும், அது சர்க்கார் பாடு. என்னைத் தூக்கிட்டுப் போனதை நான் அவன் எதிர்ல நின்னு சொல்லணும். நாலு வருஷமா தினம் ஒருவாட்டி சொல்லிப் பார்த்துக்கறேன். எங்க வீட்டம்மா, பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைக்குது."

அவருடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் வைத்தவள் அகராதிதான்.

முப்பத்திரண்டாம் நாள் சின்னவள் நூற்று எண்பத்தாறு பக்கக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. தூங்கவில்லை என்று தெரிந்தது. அதுகூட அகராதிக்கு ஒரு பெருமையடிப்பாகப் பட்டது.

"அக்கா, நிதானமா ஒருவாட்டி பாருங்க. ரெண்டு மூணு இடத்துல எனக்கே சந்தேகம்."

"உனக்கே சந்தேகம்னா நான் எந்த மூலைக்கு?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கக்கா."

"அங்க பொறந்து வளர்ந்தவ எழுதினதை இங்க அடி வாங்கிப் படிச்சவ திருத்தறதா? நல்லா இருக்குமா, சொல்லு. நல்லாதான் உனக்கு நல்லா வருமே."

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் சுருக்கக் கையெழுத்தைப் போட ஆரம்பித்தாள். பக்கம் புரட்டுவதும் கிறுக்குவதும் சீட்டுக் கலைப்பது போல வேகமாக நடந்தது. சின்னவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"படிக்கலியாக்கா?"

"படிச்ச மாதிரிதான்."

கட்டு தூதரகப் பையில் ஏறிப் போனது. விசாரணையின்போது மொழிபெயர்த்துப் பேச ஆள் வேண்டும் என்று அந்த நாடு கேட்க, தலைவர் சின்னவளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். அவளுடைய பெட்டியை இரண்டாம் மாடியிலிருந்து தூக்கி வந்தவர் அகராதியின் கணவர். மனைவியின் துணிப்பையைக்கூட ஒருநாளும் தூக்காதவர்.

"நம்ம வீட்டுல ஒருத்தி அரசாங்கச் செலவுல பறக்கறா, சும்மாவா?" என்றார் மூச்சு வாங்க. பிறகு அகராதியைப் பார்த்து, "ஏன், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"கசப்பு மருந்து குடிச்ச மாதிரி."

"உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லியனுப்பினீங்களா? ஷேவிங் செட்டு?"

அவர் கார்க் கதவைத் திறக்கப் போனார். சொல்லியனுப்பியிருந்தார்.

விசாரணை நாளன்று பிரிவில் அகராதியும் தட்டச்சுக்காரம்மாவும் மட்டும். மதிய உணவு முடிந்தது. அலுவலகப் பிரதியை எடுத்து விரித்த அகராதி சிவப்புப் பென்சிலையும் சீவி வைத்துக்கொண்டாள். குற்றம் கண்டுபிடிப்பதற்காகவேதான் எடுத்தாள். அதைத் தனக்குத்தானே மறைக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி கிடைத்தது. ஒன்பதாம் பக்கத்தில் தேதி முன்பின்னாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் வெல்லம் தின்ற மாதிரி இருந்தது.

பதினான்காம் பக்கம் குற்றங்களின் பட்டியல். மூலத்தைப் பக்கத்தில் வைத்தாள். காவல்நிலைய எழுத்தர் ஒன்று என்று போட்டுக் கடத்தல் என்றும், இரண்டு என்று போட்டுக் கடத்தல் என்றும் எழுதியிருந்தார். ஒன்று சிகரெட். இரண்டு காவலாளி. அவருக்கு விளக்கவேண்டிய தேவை தோன்றவில்லை. எதிரே இருக்கும் சட்டப்பிரிவு எண்ணைப் பார்த்தாலே இங்கே யாருக்கும் புரியும். சின்னவளோ, ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டுமுறை வந்ததை எழுத்தரின் கைப்பிழை என்று நினைத்து ஒன்றாக்கிவிட்டாள். இரண்டு சட்டப்பிரிவு எண்களையும் போட்டு, எதிரே சரக்குக் கடத்தலைக் குறிக்கும் அந்நியச் சொல்லை ஒரேயொரு முறை எழுதியிருந்தாள். ஆளைக் கடத்துவதற்கு அந்த மொழியில் முற்றிலும் வேறு சொல். அந்தச் சொல் வாக்குமூலத்தில் சரியாக இருந்தது. பட்டியலில் இல்லை. நீதிபதி உத்தரவில் எடுத்து எழுதப்போவது பட்டியலைத்தான்.

அகராதியின் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி ஓடியது. இந்தத் தாளைத் தலைவரின் மேசையில் எந்தப் பக்கமாகத் திருப்பி வைப்பது, எதுவும் சொல்லாமல் நிற்பதா, "நல்லாத்தான் எழுதியிருக்கா சார்" என்று ஆரம்பிப்பதா என்றுகூட யோசித்துவிட்டாள். சிவப்புப் பென்சிலைச் சொல்லுக்கு அடியில் வைத்து இழுத்தபோதுதான் கண் பக்கத்தின் கீழ் மூலைக்குப் போய் நின்றது. அங்கே அவளுடைய கிறுக்கல் இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பார்சல் வருவான். சிகரெட்டுக்காக வருவான். தண்டனை இரண்டு வருடம், அதிலும் பாதி கழியும். காவலாளி நீதிமன்ற வாசலில் வந்து நிற்பார். உள்ளே கூப்பிட மாட்டார்கள். உத்தரவு போட்டபிறகு திருத்தவேண்டுமென்றால் அந்த நாட்டிடம் மறுபடி சம்மதம் கேட்கவேண்டும். மாதக்கணக்காகும், தராமலும் போகலாம். உத்தரவுக்கு முன்னால் என்றால் மூலத்தைக் காட்டி ஒரு பக்கத்தை மாற்றினால் போதும். இங்கே மணி ஒன்றேகால். அங்கே ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு நீதிபதி உட்காருவார்.

சும்மா இருந்தால்? அவள் படிக்கவில்லை என்பது சின்னவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பிழை வெளிவந்தால் எழுதியவள் பெயர்தான் முதலில் வரும். ரெண்டாவது ரெண்டாவதுதானே.

அவள் தலைவரின் எண்ணைத்தான் முதலில் அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஓர் எண்தான்.

என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நீ ஒரு தப்பு பண்ணியிருக்கே. இல்லை. ஒரு தப்பு நடந்திருக்கு. அதுவும் இல்லை. பதினாலாம் பக்கத்தைத் திருப்பு, நான் அன்னிக்குப் படிக்கவே இல்ல. மூன்றாவதுதான் சரி என்று தெரிந்தது. அது தெரிந்த பிறகும், போனின் அந்த முனையில் சின்னவள் ஒரு நொடியாவது அழவேண்டும் என்று மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டது. அந்த மூலையோடேயே எண்ணை அழுத்தினாள்.

மணி போனது. யாரும் எடுக்கவில்லை. தானாக அறுந்தது. மறுபடி அழுத்தினாள். அந்த ஊர் மணி வேறு மாதிரி, இரண்டு குட்டிச் சத்தம், நீண்ட இடைவெளி. ஒவ்வோர் இடைவெளியிலும் சின்னவள் திரையில் தன் பெயரைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது. பார்க்காமல் நடந்துகொண்டிருப்பதாகவும் தோன்றியது.

"யாருக்கு இத்தனைவாட்டி அடிக்கிறீங்க?" என்றாள் தட்டச்சுக்காரம்மா.

"எங்க சின்னவளுக்கு."

அங்கே ஒன்பது ஐம்பத்தாறு. இரண்டு குட்டிச் சத்தம், இடைவெளி. இரண்டு குட்டிச் சத்தம்.